சேகருக்கு, கடலூரிலிருந்து

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. பேத்திக்குக் காய்ச்சல், அப்புறம் விடாத மழை, கெடிலம் கரை தாண்டுமோ என்ற கவலை. இன்றுதான் உட்கார முடிந்தது. அம்மாவுக்குக் கண்புரை எடுத்தாயிற்று. இப்போது பேப்பரைத் தானே படிக்கிறார், உன்னையும் விசாரித்தார்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். காவிரிப் படுகைக்கு அடியில் ஷேல் எரிவாயு, அதாவது களிப்பாறைக்குள் அடைபட்ட வாயு இருக்கிறதே, அதை எடுத்து எரித்தால் நெய்வேலிப் புகை குறையும், விடும் கார்பனும் உறிஞ்சப்படும் கார்பனும் சமமாக வேண்டும் என்ற 2070 நிகர பூஜ்ய இலக்கும் கைக்கு எட்டும், மின்வாரியத்தில் முப்பது வருஷம் இருந்த நான் ஏன் வேண்டாம் என்கிறேன் என்று கேட்டிருக்கிறாய்.

நீ சொல்வதில் பாதி சரிதான். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எரிவாயு விடும் கார்பன், நிலக்கரி விடுவதில் ஏறக்குறைய பாதி. பொழுது இறங்கியதும் சூரிய மின்சாரம் நின்று லோடு ஏறுமே, அந்த நேரத்தில் எரிவாயு டர்பைன் சில நிமிடங்களில் கைகொடுக்கும். நிலக்கரிக் கொதிகலன் சூடேறவே பல மணி நேரம் ஆகும். சப்ஸ்டேஷனில் அந்த ஏழு மணியை நெஞ்சு படபடக்கக் கடந்தவன் நான். காரைக்காலில் 32.5 மெகாவாட் நிலையம் படுகையின் எரிவாயுவை நம்பித்தான் கட்டப்பட்டது. அதை நான் குறை சொன்னதே இல்லை.

ஆனால் அது மணற்பாறையிலிருந்து தன் அழுத்தத்திலேயே மேலே வரும் வாயு. ஷேல் அப்படியில்லை. பாறைக்குள்ளேயே சிறைப்பட்டிருப்பதால், கிடைமட்டமாகத் துளைத்து, மணலும் ரசாயனமும் கலந்த தண்ணீரைப் பேரழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளக்க வேண்டும். ஒரு கிணற்றுக்கே ஒரு கோடி லிட்டருக்கு மேல் தண்ணீர் போகும். கிணறுகள் சீக்கிரம் வற்றும், அடுத்தடுத்துத் தோண்டிக்கொண்டே இருக்க வேண்டும். அவ்வளவு தண்ணீருக்கு எங்கே போவது? வீராணம் சென்னைக்கும் போகிறது. நெய்வேலியில் சுரங்கத்துக்காக நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறிவிட்டது. பிளந்த பிறகு உப்பும் ரசாயனமுமாகத் திரும்பி வரும் தண்ணீரை எந்த வாய்க்காலில் விடுவது?

கார்பன் கணக்கும் இடிக்கிறது. எரியாமல் கசியும் மீத்தேன், இருபது வருஷக் கணக்கில் கார்பன் டை ஆக்ஸைடைவிட 80 மடங்கு சூடேற்றும். கிணறு முதல் குழாய் வரை நூற்றுக்கு மூன்று பங்கு போலக் கசிந்தாலே நிலக்கரியைவிட நல்லது என்ற பேச்சு ஆட்டம் காணும். இன்னொன்று: 2030க்குள் மின் உற்பத்தித் திறனில் பாதி புதைபடிவம் அல்லாததாக இருக்க வேண்டும் என்று இந்தியா வாக்குக் கொடுத்தது. அதை 2025லேயே எட்டியும் விட்டது. அந்தக் கணக்கில் ஷேல் சேராது, அதுவும் புதைபடிவம்தானே. 2013லேயே மத்திய அரசு தேடுவதற்கு அனுமதி கொடுத்தும் இன்றுவரை வணிக உற்பத்தி இல்லை. இருக்கிற எரிவாயு நிலையங்களே, 20,000 மெகாவாட்டுக்கு மேல், விலை கட்டுப்படியாகாமல் பெரும்பாலும் சும்மா நிற்கின்றன. அதைவிடச் செலவு பிடிக்கும் வாயு வந்தால் மெரிட் ஆர்டரில், அதாவது விலை குறைந்த மின்சாரத்தை முதலில் எடுக்கும் வரிசையில், யார் அதை ஓட்டுவார்கள்?

நீ இருக்கும் இங்கிலாந்தையே பார். ஷேலுக்காகப் பாறையைப் பிளந்ததில் லங்காஷயரில் 2019 ஆகஸ்டில் 2.9 அளவு நில அதிர்வு, நவம்பரில் இங்கிலாந்து முழுக்க அந்த வேலைக்குத் தடை. 2022ல் சில வாரம் தளர்த்தி மறுபடி போட்டார்கள். ஷேல் ஒரு யூனிட்கூடத் தராமலேயே 2024 செப்டம்பர் 30ல் கடைசி நிலக்கரி நிலையத்தை மூடினார்கள். காற்றாலையும் வட கடல் வாயுவும் தாங்கின. நம்மிடம் வெயிலும் காற்றும் கொட்டிக் கிடக்கின்றன. அந்த ஏழு மணிக்குத்தான் வழி வேண்டும். காடம்பாறையில் தண்ணீரை மேலேற்றிச் சேமிக்கும் 400 மெகாவாட் நிலையம் எண்பதுகளிலேயே வந்துவிட்டது. அதைப் போல இன்னும் சில, கூடவே பேட்டரிகள், என் பணத்தை அங்கேதான் போடுவேன்.

2020ல் வந்த தமிழ்நாட்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் ஷேல் எடுக்கவே தடை. கடலூரில் காட்டுமன்னார்கோயில், மேல்புவனகிரி, பரங்கிப்பேட்டை எல்லாம் அதற்குள் வருகின்றன. உங்கள் அப்பா நட்ட நிலமும் அதில்தான், சேகர். நீ விற்காமல் வைத்திருக்கிறாயே, அதை நினைத்துத்தான் இவ்வளவு எழுதினேன். போன வாரம் அந்தப் பக்கம் போனேன், சம்பா நன்றாகப் பிடித்திருக்கிறது.

2.9 வந்த அன்று உங்கள் வீட்டில் என்ன உணர்ந்தீர்கள்? அக்கம்பக்கத்தவர் என்ன சொன்னார்கள்? அடுத்த கடிதத்தில் விவரமாக எழுது.

அன்புடன்,
குமார்