புகை வந்த ஊர்

ஆசிரியருக்கு,

அமெரிக்கச் சிற்றூர்கள் பற்றிய கட்டுரையில் நிக்கோடிமஸ் விடுபட்டது எனக்குக் குறையாகப் பட்டது. கன்சாஸ் மாநிலத்தின் கிரஹாம் கவுண்டியில் இருக்கும் இவ்வூருக்கு மேயரும் கிடையாது, நகராட்சியும் கிடையாது.

அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டுக் கென்டக்கியிலிருந்து வந்த கறுப்பின மக்கள் 1877-இல் குடியேறிய ஊர் இது. மரமே அரிதான புல்வெளியில் வீடு கட்ட எதுவுமில்லை. மண்ணைக் குடைந்து அதற்குள்ளேயே குடியிருந்தார்கள். 1878-இல் வந்த வில்லியானா ஹிக்மேன், ஊர் எங்கே என்று கேட்டிருக்கிறார். கணவர் காட்டிய திசையில் தரையிலிருந்து புகைதான் எழுந்துகொண்டிருந்தது. அழுதேவிட்டாராம். முதல் குளிர்காலத்தில் வேட்டைக்குப் போய்த் திரும்பிய ஓசேஜ் பழங்குடியினர் உணவு கொடுத்து உதவியதாகவும் சொல்வார்கள்.

அப்புறம் ஊர் நன்றாகவே எழுந்து நின்றது. பள்ளி, தேவாலயங்கள், கடைகள் வந்தன. 1880-களில் இரண்டு பத்திரிகைகள்கூட! (ஒன்றின் பெயர் ‘வெஸ்டர்ன் சைக்ளோன்’. பெயரிலேயே என்ன வேகம்!) ஆனால் 1888-இல் ரயில் பாதை சாலமன் ஆற்றுக்கு அந்தப் பக்கமாகப் போய்விட்டது. வியாபாரிகள் கடையைப் பெயர்த்துக்கொண்டு ரயிலடிக்கே போனார்கள். 1953-இல் தபால் நிலையமும் மூடப்பட்டது.

1996-இல் இது தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்டது. இன்று அங்கே குடியிருப்போர் வெகு சிலரே. ஆனாலும் ஒவ்வொரு ஜூலைக் கடைசியிலும், எங்கெங்கோ சிதறிப்போன குடும்பங்கள் நம்மூர்த் திருவிழாவுக்கு வருவதுபோல வந்து சேர்கின்றன.

— வாசகர், கும்பகோணம்