இரண்டு நோன்புகளின் நடுவே

துபாய்
21 மார்ச் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

நான் நலம். நீங்களும் தங்கச்சியும் நலமாக இருக்க மன்றாடுகிறேன். போனில் பேசினால் பாதிப் பேச்சு அறையின் இரைச்சலிலேயே போய்விடுகிறது. இதையெல்லாம் நிதானமாகச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

இந்த ஆண்டு ரமலான் மார்ச் 1ஆம் தேதி தொடங்கியது. நமக்குத் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் 5ஆம் தேதி. ஊரே நோன்பிருக்கும்போது நாமும் தவக்காலத்துக்குள் நுழைவது எப்படி இருக்கும் என்று மணப்பாட்டில் இருந்தவரை எனக்குத் தெரியாது. அங்கே ஒரு வேளை மட்டும் வயிறாரச் சாப்பிடும் ஒருசந்தியும், இறைச்சியை விலக்கும் சுத்தபோசனமும் உங்கள் அடுப்படிக் கணக்கு. நாங்கள் தட்டின் முன் உட்கார்ந்தால் போதும். இங்கே வேலை நேரத்தில் இரண்டு மணி குறைத்துவிட்டார்கள். சாயங்காலம் பாங்கு கேட்கும்வரை அறையில் பாதிப்பேர் தண்ணீர்கூடத் தொடுவதில்லை. அவர்கள் நடுவில் நான் ஒரு வேளைச் சாப்பாட்டை விடுவது பெரிய காரியமே இல்லை. ஆனாலும் தனியாக இருக்கிறேன் என்ற எண்ணம் போய்விட்டது.

எங்கள் அறையில் பெஷாவர்க்காரர் ஒருவர் இருக்கிறார். நோன்பு திறக்கும் நேரம் தரையில் செய்தித்தாளை விரித்து எல்லாருக்கும் பரிமாறுவது அவர்தான். முதல் வெள்ளிக்கிழமை ஆட்டிறைச்சிப் புலாவை என் பக்கம் நகர்த்தினார். வெள்ளிக்கிழமை இறைச்சி சாப்பிடுவதில்லை, எங்களுக்கும் இது நாற்பது நாள் தவம் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். ஒன்றும் பேசாமல் தலையாட்டினார். அடுத்த வெள்ளி வேலை முடிந்து வந்தபோது என் கட்டிலருகே ஒரு தட்டு, அதன்மேல் இன்னொரு தட்டு மூடியிருந்தது. உள்ளே கொண்டைக்கடலை, பக்கோடா, பேரீச்சம்பழம். பழத்தில் கொட்டையைக்கூட எடுத்து வைத்திருந்தார். அப்பாவுக்கு அடுத்து எனக்கு யாரும் அப்படிச் செய்ததில்லை, அம்மா.

அன்றே மெட்ரோ பிடித்து ஊத் மேத்தாவில் இருக்கும் புனித மரியாள் கோயிலுக்குப் போனேன், இயேசு சிலுவை சுமந்த வழியை நிலை நிலையாகத் தியானிக்கும் சிலுவைப்பாதைக்கு. 1960களில் ஷேக் ராஷித் கொடுத்த நிலத்தில் எழுந்த கோயில் அது. மலையாளிகள், கோவாக்காரர்கள், பிலிப்பைன்ஸ்காரர்கள், நம் ஆட்கள் என்று நிற்க இடமில்லை. பிப்ரவரியில் இருந்து ரோமில் மருத்துவமனையில் இருக்கும் திருத்தந்தைக்காகவும் எல்லாரும் மன்றாடினோம்.

அப்பா இறந்தபோது விடுப்புக் கிடைக்காமல் இங்கேயே கிடந்தேனே, அதில் இருந்து எனக்குச் செபமாலை உருட்டக்கூட மனம் வரவில்லை. உங்களிடம் இதைச் சொன்னதில்லை. அன்று ஐந்தாம் நிலைக்கு வந்தோம். சீரேனே ஊர் சீமோன், இன்றைய லிபியாவில் இருந்து எருசலேமுக்கு வந்தவர். வயலில் இருந்து வந்துகொண்டிருந்தவரைப் பிடித்துச் சிலுவையைச் சுமக்கவைத்தார்கள். மாற்கு அவரைப் பற்றிச் சொல்லும்போது, அலக்சாந்தர், ரூபு என்பவர்களின் தகப்பன் என்று பிள்ளைகளின் பேரையும் சேர்த்தே சொல்கிறார். வந்த இடத்தில் சுமை சுமந்த ஒரு மனிதரை, இன்னாருடைய தகப்பன் என்று வேதம் நினைவில் வைத்திருக்கிறது! ஊரில் என்னைச் 'சிலுவைப்பாதை வாசிக்கிறவர் மகன்' என்றுதானே சொல்வார்கள்? அப்பாவின் கனத்த குரலில் அந்த நிலை எனக்குள் ஓடியது. முழங்காலில் இருந்து எழ முடியாமல் அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மாள் ஒருவர் முதுகில் கைவைத்தார். யார் என்று தெரியாது. ஆறாம் நிலைக்கு எழுந்தபோது, இத்தனை மாதமாக வராத செபம் வாயில் வந்தது. அதற்குப் பிறகு இரவில் தூக்கமும் வருகிறது.

சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனமும் செய்துவிட்டேன். பெரிய வெள்ளி ஏப்ரல் 18ஆம் தேதி. அன்று வேலை உண்டு. பிற்பகல் வழிபாட்டுக்குப் போக அனுமதி கேட்டிருக்கிறேன், தருவார்கள் என்று நம்புகிறேன்.

அப்பா வைத்திருந்த சிலுவைப்பாதைப் புத்தகத்தை, ஊரில் இருந்து வருகிறவர்கள் யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். தங்கச்சி படிப்புக்கு அடுத்த வாரம் பணம் அனுப்புகிறேன். நீங்கள் ஒருசந்தி இருக்க வேண்டாம். அறுபது தாண்டியவர்களுக்குத் திருச்சபையே அதைக் கடமையாக்கவில்லை. சர்க்கரை மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போகிறீர்கள் என்று தங்கச்சி சொன்னாள். கஞ்சியாவது குடித்துவிட்டுப் போங்கள்.

உங்கள் அன்பு மகன்