மே மாதம் வேண்டாம், மார்கழிக்கு வாருங்கள்

அன்புள்ள மகளுக்கு,

நலம். நலமறிய ஆவல். மாப்பிள்ளைக்கு முதுகுவலி தேவலையா?

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய விடுமுறைத் திட்டத்தை அப்பா சத்தமாகப் படித்தார். நான் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டேன். மே மாதம், நாலு நாள், நவக்கிரகக் கோயில் ஒன்பது, பூம்புகார், பிச்சாவரம், நாகூர், வேளாங்கண்ணி, கோடியக்கரை. கேட்கும்போதே எனக்குக் கால் வலித்தது. பதினாறு வயதுப் பையனையும் பதிமூன்று வயதுப் பெண்ணையும் வைத்துக்கொண்டு இப்படிச் சுற்றினால், இரண்டாம் நாளே இரண்டும் காதில் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு காரை விட்டு இறங்க மாட்டேன் என்றுவிடும். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

முதலில் மாதத்தை மாற்று. மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவதுதான் வழக்கம். மே மாதம் வந்தால் காவிரியில் மணல்தான் கிடக்கும், வாய்க்காலில் ஆடு மேயும். கடல் பக்கம் போனாலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும். ஆற்றில் தண்ணீர் இல்லை, கடலில் படகு இல்லை, தலைக்கு மேல் கத்திரி வெயில். இதைப் பார்க்கவா பெங்களூரிலிருந்து செலவு செய்து வர வேண்டும்?

கிறிஸ்துமஸ் லீவுக்கு வாருங்கள். சம்பா கதிர் விட்டு நிற்கும். விடியற்காலை வரப்பில் நடந்தால் பனியில் பாவாடை முழங்கால் வரை நனைந்துவிடும். மழை டிசம்பர் கடைசியில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனாலும் புயல் வராது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அறை போடும்போது, ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கிற மாதிரி போடு.

முதல் மூன்று நாள் நம் வீட்டில். அந்த மூன்று நாளுக்கும் எந்தத் திட்டமும் வேண்டாம். பெரியவன் ஒன்பது மணி வரை தூங்கட்டும், எழுப்பாதே. அந்த வயதில் தூக்கம் அப்படித்தான் வரும். ஐந்து மணிக்கே கோயில் ஸ்பீக்கரில் திருப்பாவை ஆரம்பித்துவிடும், அதற்கும் எழுந்திருக்காவிட்டால் நீ கத்தி என்ன ஆகப் போகிறது? சின்னவள் எழுந்தால் என்னோடு கோலம் போட வரட்டும். சாணி உருண்டையில் பூசணிப்பூ செருகி வைக்க அவளுக்குச் சொல்லித் தருகிறேன். முகம் சுளித்தால் விட்டுவிடலாம், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். அவள் இப்போது பால், தயிர் தொடுவதில்லை என்றாயே, அதற்கெல்லாம் கவலைப்படாதே. இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் இந்த வீட்டில் எந்தக் காலத்தில் இல்லாமல் போயிருக்கிறது?

பெரியவனுக்கு பம்புசெட்டில் குளிக்க ஆசை என்றானாம். மழைக்காலத்தில் வயலிலேயே தண்ணீர் நிற்பதால் யாரும் மோட்டார் போடுவதில்லை. அப்பா பக்கத்துக் கொல்லையில் கேட்டு வைக்கிறார், பேரனுக்காக ஒரு அரை மணி ஓட்ட மாட்டார்களா என்ன? இருட்டிய பிறகு மட்டும் டார்ச்சும் செருப்பும் இல்லாமல் வரப்பில் இறங்கக் கூடாது. பாம்பு இருக்கும். சிக்னல் மாடியில்தான் வரும். போனைப் பிடுங்கி வைக்கிற வேலையெல்லாம் வேண்டாம், மாடி ஏற அலுத்துப் போய் அவர்களே குறைத்துக்கொள்வார்கள்.

26-ஆம் தேதி கடலுக்குப் போக வேண்டாம் என்பது என் கண்டிப்பான பேச்சு. 2004-இல் சுனாமி வந்த அந்த ஒரு காலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். தரங்கம்பாடியும் அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. இன்றைக்கும் அந்த நாளில் மீனவர்கள் கடலுக்குப் போவதில்லை, கரையில் பாலை ஊற்றி, பூவைத் தூவி அழுகிறார்கள். அங்கே போய் நாம் செல்ஃபி எடுத்துக்கொண்டு நிற்பது சரியில்லை. பிள்ளைகள் இருவரும் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். அன்று சாயங்காலம் அப்பா திண்ணையில் உட்கார்ந்து சொல்லட்டும், அவர் சொன்னால் கேட்பார்கள்.

27-ஆம் தேதி தரங்கம்பாடி. இங்கிருந்து ஒரு மணி நேரம். அப்பா பையனாக இருந்தபோது மாயவரத்திலிருந்து ரயிலிலேயே போவாராம், இப்போது அந்தப் பாதையே இல்லை. ஒரு ராத்திரி அங்கே தங்கினால்தான் கடல் பார்த்த மாதிரி இருக்கும். 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டென்மார்க்காரர்கள் கட்டிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. 1845-இல் இங்கிலீஷ்காரனிடம் விற்றுவிட்டுப் போனார்கள். ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு அச்சகம் வைத்துத் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்தது இந்த ஊரில்தான், 1715-இல். நீ இதையெல்லாம் பாடம் மாதிரி ஆரம்பிக்காதே. மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் கூட்டிப் போ, அது போதும். பாண்டியர் காலத்துக் கோயில், 1306-இல் கட்டியது. முன்பக்கத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது, மிச்சம் இருப்பதைக் காப்பாற்றத்தான் கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே நின்றால் பெரியவனே பத்துக் கேள்வி கேட்பான்.

மறுநாள் காலை படகு கரை சேரும் நேரத்துக்கு அவர்களை எழுப்பலாம், அந்த ஒரு நாள் மட்டும். வலையிலிருந்து சங்கரா மீனையும் காரப்பொடி மீனையும் உதறி எடுக்கிற வேகத்தைப் பார்க்கட்டும். ஓரமாக நிற்கச் சொல், ஏலம் நடக்கும்போது குறுக்கே போனால் திட்டுவார்கள். குளிக்கிற பேச்சே கூடாது. வாடைக்காற்றில் அலை பெரிதாக வரும், இந்தக் கரை சட்டென்று ஆழமாகிவிடும். முழங்கால் வரைக்கும்தான், அதுவும் மாப்பிள்ளை பக்கத்தில் நின்றால். நீச்சல் குளத்தில் பதக்கம் வாங்கியதை எல்லாம் அந்த அலை பார்க்காது.

28-ஆம் தேதியை மட்டும் பிள்ளைகளிடம் விட்டுவிடு. பிச்சாவரமா, கோடியக்கரையா, ஒன்றுதான். ஒன்று வடக்கே, ஒன்று தெற்கே, ஒரே நாளில் ஆகாது. பிச்சாவரத்தில் துடுப்புப் படகு சுரபுன்னைக் காட்டுக்குள் குறுகலான வாய்க்காலில் போகும், கிளை தலையில் இடிக்காமல் குனிந்துகொள்ள வேண்டும். தில்லை மரத்தை ஒடிக்கக் கூடாது, அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. சுனாமி வந்தபோது அந்தக் காடு பின்னால் இருந்த குப்பங்களைக் காத்தது என்று அங்கே சொல்வார்கள். கோடியக்கரை என்றால் தரங்கம்பாடியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வெளிமான் பார்க்கலாம், அந்த மாதத்தில் பூநாரையும் வந்திருக்கும், ஆனால் தூரத்தில்தான் நிற்கும், பைனாகுலர் வேண்டும். மழை பெய்திருந்தால் பாதை சேறு. இரண்டையும் உள்ளது உள்ளபடி சொல், அவர்கள் பேசி முடிவு செய்யட்டும். சண்டை வந்தாலும் நீ நடுவில் போகாதே.

நவக்கிரகம் எல்லாம் நீயும் மாப்பிள்ளையும் இன்னொரு தடவை தனியாக வந்து பாருங்கள். புதன் கோயிலுக்கு மட்டும் போகலாமே என்று அப்பா முணுமுணுக்கிறார், திருவெண்காடு பக்கம்தானே என்கிறார். நான் பதில் சொல்லவில்லை. ஆருத்ரா தரிசனம் அந்த வாரத்தில் விழுகிறதா என்று பஞ்சாங்கம் பார்த்துச் சொல்கிறேன், விழுந்தால் சிதம்பரம் பக்கம் கார் நகராது.

டிக்கெட்டுக்கு இப்போது 60 நாளுக்கு முன்புதான் முன்பதிவு திறக்கிறார்கள், பழைய 120 நாள் இல்லை. 23-ஆம் தேதி ராத்திரி ரயில் என்றால் அக்டோபர் 24 காலை எட்டு மணிக்கு உட்கார்ந்துவிடு, பண்டிகை நேரம், பத்து நிமிஷத்தில் தீர்ந்துவிடும். 29-ஆம் தேதி திரும்புவதற்கும் மறக்காமல் போடு. தரங்கம்பாடியில் தங்குமிடம் கொஞ்சம்தான், அதை அதற்கும் முன்னாலேயே பேசி வை. இரண்டு அறை போதும், சின்னவள் என்னோடு படுத்துக்கொள்வாள்.

அன்புடன்,
அம்மா