ஷாஞ்சியில் வண்டியை நிறுத்து

புதுச்சேரி

அன்பு மகள் கயல்விழிக்கு,

நலம், உங்கள் நலம் அறிய ஆவல். பள்ளி விடுமுறைக்கு மாப்பிள்ளையும் நீயும் பேரனும் கரீபியக் கடலிலுள்ள பிரெஞ்சுத் தீவான குவாதலூப் போகப் போவதாகவும், தீவை எந்தப் பக்கமாகச் சுற்றுவது நல்லது என்றும் கேட்டிருந்தாய். தொலைபேசியில் சொன்னால் உன் அம்மா இடையில் புகுந்து தன் வழியைச் சொல்லிவிடுவாள் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் பெயர்களைப் பார்த்து ஏமாந்துவிடாதே. பட்டாம்பூச்சி போல விரிந்திருக்கும் அத்தீவில், "பெரிய நிலம்" என்று பொருள்படும் கிராந்-தேர்தான் சிறிய சிறகு. "தாழ்ந்த நிலம்" எனப்படும் பாஸ்-தேரில்தான் 1,467 மீட்டர் உயரமுள்ள சூஃப்ரியேர் எரிமலை நிற்கிறது. 1976இல் அது சீறியபோது 70,000க்கும் மேற்பட்டோரை ஊரைவிட்டு அப்புறப்படுத்தினார்கள். நாங்கள் போன நாட்களில் மேகம் விலகவே இல்லை. உச்சியைப் பார்த்ததாக உன் அம்மா சொன்னால் நம்பாதே. கிராந்-தேரின் கடற்கரைகளுக்கு ஒரு நாள் போதும். மற்ற நாட்களைப் பாஸ்-தேருக்கு வைத்துக்கொள்.

காலையில் புவாந்த்-ஆ-பித்ர் நகரிலிருந்து தெற்கே, கிழக்குக் கரையோரமாக இறங்குங்கள். அந்நேரத்து நெரிசல் எல்லாம் வேலைக்காக நகருக்குள் வருவது. உங்கள் பக்கம் சாலை விட்டிருக்கும். பாஸ்-தேர் நகரைச் சுற்றிக்கொண்டு மேற்குக் கரையில் வடக்கே ஏறினால், கருமணல் கரைகளைப் பகல் வெளிச்சத்திலேயே பார்த்துவிட்டு, மலைக்காட்டை ஊடறுக்கும் த்ராவெர்சே சாலை வழியாகத் திரும்பலாம். இருட்டுவதற்குள் அக்காட்டைத் தாண்டிவிடுங்கள். நான் தாண்டவில்லை. நம்மூர் வண்டியில் வலக்கையால் சைகை விளக்கைப் போட்டுப் பழகியவன், அங்கே ஒவ்வொரு வட்டச் சந்திப்பிலும் வெயிலில் கண்ணாடித் துடைப்பானை ஓடவிட்டுக்கொண்டிருந்தேன். ஒருவழியாகப் பழக்கத்தை மாற்றிக்கொண்ட பிறகு, காட்டில் மழை கொட்டியபோது கை துடைப்பானைத் தேடிப் போய்ச் சைகை விளக்கைப் போட்டது. பின்னால் வந்தவர் நான் எங்கோ திரும்பப் போகிறேன் என்று பொறுமையாகக் காத்துக்கொண்டே வந்தார், பாவம்.

தெற்கே இறங்கும் வழியில், கப்பெஸ்தேர் என்னும் ஊரில் இருபுறமும் அரசப்பனைகள் வரிசை கட்டிய சாலை வரும். அதைச் சுற்றிலும் வாழைத் தோட்டங்கள். தார்களுக்கு நீல உறை மாட்டியிருப்பார்கள். அந்த வாழைக்கென்று 1993 வரை தெளித்த குளோர்டெகோன் என்னும் பூச்சிமருந்து இன்றும் மண்ணில் கிடக்கிறது, கிழங்குகளில் ஏறுகிறது. ஆகவே சாலையோரத்தில் எங்கே விளைந்தது என்று தெரியாத கிழங்கை வாங்கிப் பேரனுக்குக் கொடுக்காதே.

அங்கேயே, ஷாஞ்சி என்னும் இடத்தில் சாலையோரமாக வண்ணம் பூசிய கோபுரம் தெரியும். நீ கட்டாயம் வண்டியை நிறுத்த வேண்டிய இடம் அது. அடிமை முறை ஒழிந்த பின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடியவர்கள் நம் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பல் ஏற்றிய கூலிகளுள் முதற் கூட்டம் 1854 டிசம்பர் 24 அன்று அத்தீவில் இறங்கியது. பின்னர் ஏறத்தாழ 42,000 பேர் போனார்கள். அங்கே பிறந்த அவர்கள் பிள்ளைகளுக்குக்கூடக் குடியுரிமை எளிதில் கிடைத்துவிடவில்லை. கப்பெஸ்தேரில் பிறந்த ஆன்ரி சிதம்பரம் 1904இல் தொடங்கிய வழக்கு 1923இல்தான் முடிந்தது. பாட்டன் பெயரே அவர்களுக்குக் குடும்பப்பெயர் ஆகிவிட்டதால், வீட்டு அஞ்சற்பெட்டிகளில் ராமசாமி, முத்துசாமி என்று பிரெஞ்சு எழுத்தில் பார்ப்பாய். முத்துசாமி என்றால் திருமதி முத்துசாமியாகவும் இருக்கலாம், செல்வி முத்துசாமியாகவும் இருக்கலாம்.

கோவிலில் உன் அம்மா வயதுள்ள ஓர் அம்மையார் எங்களைக் கண்டதும் சாமி பாட்டு ஒன்றை முழுவதும் பாடினார். பாடி முடித்துவிட்டு, அதில் ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்று என்னிடம் பிரெஞ்சில் கேட்டார். அது தமிழ்ச் சொல் என்பது தெரிகிறது. ஆனால் நான்கைந்து தலைமுறை வாய்களில் உருண்டு தேய்ந்து வந்த அதை எத்தனை முறை சொல்லச் சொல்லிக் கேட்டும் எனக்குப் பிடிபடவில்லை. முப்பது ஆண்டு தமிழாசிரியனாக இருந்தவன், தெரியவில்லை என்று கைகூப்பினேன். அவர் வருந்தவில்லை. "மலியேமேனுக்குத் தெரியும்" என்றார். நம் மாரியம்மனைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அன்று முதல் உன் அம்மாவும் சில சமயம் விளக்கேற்றும்போது அப்படியே சொல்கிறாள், நான் திருத்துவதில்லை.

நண்பகலில் அங்கேயே ஆட்டுக்கறி கொலொம்போ சாப்பிடுங்கள். அந்தப் பெயர் குழம்பு என்பதிலிருந்து வந்தது என்பார் உண்டு, கொழும்பிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. மல்லி, மஞ்சள், சீரகம், வெந்தயம், கடுகு சேர்த்து அரைத்த அந்தப் பொடியை மோந்து பார்த்துவிட்டு உன் அம்மா குழம்பின் கட்சியில் சேர்ந்துவிட்டாள். நாங்கள் கொண்டுவந்தது தீர்ந்துவிட்டது. திரும்பும்போது அரைக் கிலோ வாங்கி வா. பையில் மணம் ஏறாதபடி இரண்டு உறை போட்டுக் கட்டு.

அன்புடன்,
அப்பா