அந்த டிரையேஜ் சிஸ்டருக்கு நன்றி

அம்மாவை ஐசியுவிலிருந்து வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு ராத்திரி தொற்று முற்றி அவரை அவசரமாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது உங்களில் பலருக்குத் தெரியும். எல்லாவற்றையும் திரும்பச் சொல்லத் தெம்பில்லை. நன்றியை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

மதுரை பெரியாஸ்பத்திரி அவசர சிகிச்சைப் பிரிவில், அன்று ராத்திரி டிரையேஜில் (வருகிறவர்களில் யாரை முதலில் கவனிக்க வேண்டும் என்று பார்த்துப் பிரிக்கும் இடம்) இருந்த சிஸ்டருக்குத்தான் முதல் நன்றி. அம்மாவுக்குக் காய்ச்சலே இல்லை. கை ஜில்லென்று இருந்தது, சம்பந்தமில்லாமல் பேசினார், அவ்வளவுதான். சிஸ்டர் அம்மாவின் விரல் நுனியைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்து, பிறகு விட்டார். வெளுத்த இடம் சிவக்கக் காணோம். உதட்டுக்குள்ளேயே எண்ணினார். சேலையை விலக்கி முழங்காலைப் பார்த்தார். தோல் திட்டுத்திட்டாக நீலம் பாரித்திருந்தது. மூச்சை எண்ணியதும், "சார், செப்சிஸ் மாதிரி இருக்கு" என்று டாக்டருக்குக் குரல் கொடுத்தபடியே உயிருக்கு ஆபத்தானவர்களை வைத்துப் பார்க்கும் ரெட் ஜோனுக்கு ஸ்ட்ரெச்சரைத் தள்ளினார். தொற்றை எதிர்க்கப் போய் உடம்பே தன் உறுப்புகளைக் கெடுத்துக்கொள்ளும் ஆபத்தான நிலைதான் செப்சிஸ்.

அந்த அவசரத்திலும் நான் நடுங்கி நிற்பதைக் கவனித்திருக்கிறார். திரும்பி வந்து என் விரலை அழுத்திக் காட்டினார். விட்டதும் சிவந்தது. "அம்மாவுக்கு மூணு செகண்டுக்கு மேல ஆகுதுண்ணே. ரத்தம் விரல் வரைக்கும் சரியாப் போகலை. மருந்து இப்பவே போட்ருவாங்க, இங்கயே இருங்க" என்றார். எத்தனையோ பேர் காத்திருந்த இடத்தில், எனக்குப் புரிகிற மாதிரி சொல்ல அவருக்கு மனசு வந்ததே, அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

சிறுநீர்த் தொற்று ரத்தத்தில் பரவியிருந்தது என்று அப்புறம் டாக்டர் சொன்னார். வயதானவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் காய்ச்சல் இல்லாமலே இப்படி வரலாமாம். பிபி இறங்கத் தொடங்கிவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏறிவிட வேண்டுமாம். அம்மாவுக்கு ஏறிவிட்டது.

108 ஆம்புலன்ஸ் தம்பிகள், டியூட்டி டாக்டர்கள், நள்ளிரவில் லாக்டேட் (செப்சிஸ் எவ்வளவு கடுமை என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) ரிசல்ட்டைக் கையிலேயே கொண்டுவந்து கொடுத்த லேப் அண்ணன், ஐசியு சிஸ்டர்கள், சாப்பாடு கொண்டுவந்த அக்கம்பக்கத்தார், எல்லோருக்கும் கும்பிடு.

இனி எங்கள் தெருவில் பெரியவர்கள் இருக்கும் வீடு ஒவ்வொன்றிலும் போய்ச் சொல்லப் போகிறேன்: திடீர்க் குழப்பம், வேகமான மூச்சு, குறைந்துபோன சிறுநீர் என்றால் விடியட்டும் என்று இருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

சிஸ்டரின் பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் இதை அவரிடம் காட்டுங்கள். ரிவ்யூவுக்கு வரும்போது அவரைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன் என்கிறார் அம்மா.