‘நெட்வொர்க்’ என்ற ஒற்றை முத்திரை போதாது

கட்டளைவரிக் கருவிகளின் பிழையறிக்கைகளை வகை பிரிக்கும் தன்னார்வலர்களுக்கு,

வணக்கம். சம்பளமில்லாத இந்த வேலையை நீங்கள் செய்யாவிட்டால், நிரல் எழுதுகிறவர்கள் அறிக்கைக் குவியலுக்குள் புதைந்து போவார்கள். ஆனாலும் ஒரு குறை சொல்ல வேண்டியிருக்கிறது. ‘இணைக்க முடியவில்லை’ என்று யார் எழுதினாலும் ‘நெட்வொர்க்’ என்ற ஒரே முத்திரையைக் குத்திவிடுகிறீர்கள். இணைப்பு எந்தப் படியில் நின்றது என்பதை வைத்துப் பிரியுங்கள்.

முதலில், பெயர்களுக்கு முகவரி தேடித்தரும் டிஎன்எஸ் சேவை, சர்வரின் பெயரை எண் முகவரியாக்க வேண்டும். பிறகு இரு கணினிகளுக்கும் இடையே டிசிபி இணைப்பு, குறியாக்க உடன்பாடு, எதிரில் இருப்பது யாரென்ற சரிபார்ப்பு. கடைசியில்தான் உள்நுழைவதற்கான கடவுச்சொல்லோ சாவிக் கோப்போ. இணைய முகவரியிலிருந்து தரவை எடுத்துத்தரும் கர்ல் இதில் தாராளமானது, வேலை முடிந்து வெளியேறும்போதே ஒரு பிழை எண்ணைச் சொல்லிவிடுகிறது: 6 என்றால் பெயருக்கு முகவரி கிடைக்கவில்லை, 7 என்றால் சர்வரை எட்ட முடியவில்லை, 60 என்றால் சான்றிதழை நம்ப முடியவில்லை. 28 மட்டும் ஏமாற்றுக்காரன். நேரம் முடிந்தது என்று சொல்லுமே தவிர, எந்தப் படியில் என்று சொல்லாது. தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச் கஞ்சம். பெயர் கிடைக்காவிட்டாலும் சாவி செல்லாவிட்டாலும் அதற்கு 255தான். அங்கே பிழைச்செய்தியைப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

படித்தால் பலன் உண்டு. ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ என்றால் பெரும்பாலும் அந்தக் கணினி விழித்திருக்கிறது, அந்த போர்ட்டில், அதாவது அந்த இணைப்பு வாயிலில், கேட்பதற்குத்தான் யாருமில்லை. ‘டைம்டு அவுட்’ என்றால் பதிலே வரவில்லை. நடுவில் ஏதோ ஃபயர்வால் விழுங்கியிருக்கலாம், கணினியே அணைந்திருக்கலாம். ‘பர்மிஷன் டினைடு’ வந்தாலோ நெட்வொர்க்கை அடியோடு மறந்துவிடலாம். கடைசிப் படிவரை வந்தாயிற்று.

அந்தக் கடைசிப் படியிலும் ஒரு பொறி இருக்கிறது. 2021இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 8.8, எஸ்எச்ஏ-1 என்ற பழைய கணக்கீட்டு முறையின் அடிப்படையில், ஆர்எஸ்ஏ வகைச் சாவிகள் இடும் மின்னணுக் கையொப்பங்களை இயல்பாக ஏற்பதை நிறுத்தியது. ஆர்எஸ்ஏ சாவிகள் செல்லாமல் போகவில்லை. புதிய கையொப்ப முறை தெரியாத பழைய சர்வர்களிடம்தான் சிக்கல். பயனர் கண்ணில் படுவதோ வெறும் ‘பர்மிஷன் டினைடு’. இரு தரப்புக்கும் பொதுவான கையொப்ப முறை இல்லை என்ற உண்மைக் காரணம், விரிவான விவரம் காட்டச் சொல்லும் ‘-வி’யைக் கட்டளையில் சேர்த்து இயக்கினால்தான் தெரியும். இது வேண்டுமென்றே செய்த மாற்றம் என்பதால் ‘பிழை அல்ல’ என்று மூடுவது விதிப்படி சரியாக இருக்கலாம். ஆனால் அந்த முத்திரைக்குக் கீழே அடுத்தவர் தேடமாட்டார். அதே அறிக்கையை மறுபடி எழுதுவார். ‘பழைய வழிமுறை’ என்று தனியாக ஒரு வகை வையுங்கள். மூடுவதானாலும் அதற்குள் போட்டு மூடுங்கள்.

இன்னொன்று. அறிக்கைப் படிவத்திலேயே ‘-வி’ வெளியீட்டையும் வெளியேறும் எண்ணையும் கேட்டுவிடுங்கள். அந்த வெளியீட்டில் பயனர் பெயர், சர்வர் முகவரி, சாவிக் கோப்பின் இருப்பிடம் எல்லாம் இருக்கும். ஒட்டுவதற்கு முன் அவற்றை மறைக்கும்படி படிவத்தின் தலைப்பிலேயே சொல்லிவிடுங்கள். அடிக்குறிப்பை யாரும் படிப்பதில்லை.

இப்படிக்கு,
உங்கள் கருவிகளை அன்றாடம் பயன்படுத்தும் ஒரு சர்வர் நிர்வாகி