கண் வலிக்கவில்லை என்று காத்திருக்காதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கண் என்றாலே நமக்குப் புரை, மெட்ராஸ் ஐ, கண்ணாடி, இவ்வளவுதான் தெரியும். விழித்திரை விலகல், அதாவது கண்ணின் உட்புறத்தில் காட்சியைப் பதிக்கும் மெல்லிய படலம் உரிந்து வருவது, என்று ஒன்று இருப்பதே என் தம்பிக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தயவுசெய்து இதற்குக் கொஞ்சம் இடம் கொடுங்கள்.

தம்பிக்கு 46 வயது, எட்டாம் வகுப்பிலிருந்தே கண்ணாடி, பவர் மைனஸ் 9. ஒரு திங்கட்கிழமை காலையில் வலது கண்ணில் கரித்தூளைக் கொட்டினாற்போல் கறுப்புப் புள்ளிகள் மிதக்கின்றன என்றான். மருந்துக் கடையில் ஏதோ சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொண்டான். இரவு விளக்கை அணைத்தால் கண்ணின் ஓரத்தில் மின்னல் மாதிரி பளிச் பளிச்சென்று வெட்டியிருக்கிறது. வலி இல்லை, சிவப்பு இல்லை, அதனால் அவனும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நாங்களும்தான். புதன்கிழமை கண்ணாடிக் கடையில் பவர் பார்த்துப் புதுக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். சனிக்கிழமை மூக்குப் பக்கம் கீழேயிருந்து ஒரு கறுப்பு நிழல் ஏறியது. ஃபிரேம்தான் மறைக்கிறது என்று கழற்றிப் பார்த்திருக்கிறான், நிழல் போகவில்லை. மறுபடி திங்கட்கிழமை வந்தபோது அந்தக் கண்ணுக்கு எதிரில் நிற்பவர் முகமே தெரியவில்லை.

டாக்டர் சொன்னது இதுதான். கண்ணுக்குள் முட்டை வெள்ளைக்கரு போல ஒரு கூழ் இருக்கிறது, வயதாக ஆக அது சுருங்கி விழித்திரையை விட்டுப் பிரியும், பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது, சிலருக்குப் பிரியும்போது விழித்திரையையே இழுத்துக் கிழித்துவிடும். அந்தக் கிழிசல் வழியாக நீர் உள்ளே இறங்கி, ஓதம் பட்ட சுவரில் சுண்ணாம்பு உரிகிற மாதிரி விழித்திரை உரிந்து வருகிறது. விழித்திரைக்கு வலி தெரியாது, அதனால்தான் எல்லோரும் ஏமாந்துபோகிறோம். முதல் நாளே வந்து, கிழிசல் மட்டும் இருந்திருந்தால், சுற்றிலும் லேசர் வைத்து அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்களாம். விழித்திரை நடுப்பகுதி வரை விலகிவிட்டதால் பெரிய ஆபரேஷன், கண்ணுக்குள் கேஸ் நிரப்பி, ஒரு வாரம் ராத்திரி பகலாகத் தலையைக் கவிழ்த்தபடியே கிடந்தான். இப்போது பார்வை ஓரளவு வந்திருக்கிறது, ஆனால் அந்தக் கண்ணால் படித்தால் வரிகள் நெளிகின்றன.

பூச்சி மாதிரி ஒன்றிரண்டு புள்ளி பல வருடமாகக் கண்ணில் மிதக்கிறது என்றால் பயப்பட வேண்டாம். திடீரென்று நிறையப் புள்ளிகள், ஓரத்தில் மின்னல், திரை இறங்குவது போல நிழல், இதில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். பவர் பார்ப்பது மட்டும் போதாது, சொட்டு மருந்து விட்டு கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்க்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். சில மணி நேரம் மங்கலாகத் தெரியும், வண்டி ஓட்ட முடியாது, கூட ஒருவரை அழைத்துப் போனால் சரி. எழும்பூர் அரசு கண் மருத்துவமனை, மதுரை அரவிந்த் போன்ற இடங்களில் விழித்திரைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

மைனஸ் பவர் அதிகம் உள்ளவர்கள், புரை ஆபரேஷன் செய்தவர்கள், ஒரு கண்ணில் ஏற்கெனவே வந்தவர்கள், வீட்டில் யாருக்காவது வந்திருந்தால் அவர்களும், கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மைனஸ் பவரைச் சரிசெய்யும் லேசர் செய்து கண்ணாடியைத் தூக்கிப் போட்டவர்களுக்கும் இது பொருந்தும். மைனஸ் பவர் அதிகமானால் விழி நீண்டிருக்கும், கண்ணாடி போனாலும் அந்த நீண்ட விழி நீண்டதாகத்தானே இருக்கிறது? சர்க்கரை நோயாளிகளுக்கு வேறு வழியில் இதே விலகல் வரலாம், வருடம் ஒருமுறை விழித்திரையைப் பார்த்தே ஆக வேண்டும். கண்ணில் அடிபடுவதும் ஒரு காரணம். கிரைண்டிங் பட்டறையிலும் ஷட்டில் ஆடும்போதும் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள், பட்டாசைக் குனிந்து பார்க்காதீர்கள். இதைத் தடுக்கும் சொட்டு மருந்தோ கண் பயிற்சியோ கிடையாது, யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

இன்னொன்று, ஒரு கண் கெட்டாலும் மறு கண் ஈடுகட்டிவிடும், நமக்குத் தெரியவே தெரியாது. காலையில் காலண்டர் தாள் கிழிக்கும்போது ஒரு கண்ணைக் கையால் மூடி மறு கண்ணால் தேதியைப் பாருங்கள், அப்புறம் மாற்றி மூடிப் பாருங்கள். பள்ளிகளில் கண் பரிசோதித்துக் கண்ணாடி கொடுக்கும்போது, பவர் அதிகமுள்ள பிள்ளைகளின் பெற்றோரிடம் அந்த மூன்று அறிகுறிகளையும் எழுதிக் கொடுத்தனுப்ப வேண்டும் என்று சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். என் அம்மாவிடம் அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திண்டுக்கல்